வலக்கை இல்லாத வெண்கலப் பெண்

ஃப்ளோரன்ஸ்
4 மார்ச் 1974

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் கடிதம் எழுதுவதே உங்களுக்குப் பிடிக்காது. அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அப்பா இறந்துபோன இந்தப் பத்து வருடமாக நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தாள்கூடப் போனதில்லை. இதையும் அம்மாவுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆர்ஜியா இன்னும் புகையிலைக் கடையில்தான் இருக்கிறாளா? அம்மா துணி ஆலைக்குப் போகிறாள். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

போன ஆண்டு பட்டம் வாங்கினேன். இப்போது இங்கே ஓர் அருங்காட்சியகத்தில், பழம்பொருள்களுக்கு அட்டை எழுதும் வேலை. பெரும்பாலும் கிடங்கில்தான் இருப்பேன். அங்கே போன மாதம் மூன்றாவது அலமாரியில் ஒரு வெண்கலப் பெண்ணைப் பார்த்தேன். ஒரு முழ உயரம். வலக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. பதிவேட்டில் ‘காஸ்தெல்ரோவோ, 1961, பறிமுதல்’ என்று இருந்தது. நீங்களும் அப்பாவும் தோண்டி எடுத்தவள் அவள்.

அவளுக்கு எழுதியிருக்கும் அட்டை இது: ‘ரோமானியர் காலம். கிரேக்க மூலத்தின் நகல். சுமாரான வேலை.’ டிசம்பரில் புதிய கூடம் திறக்கிறார்கள். அதில் ரோமானியர் பகுதியின் கடைசி மூலையில் அவளை வைக்கப்போகிறார்கள். ஒருமுறை அச்சடித்துவிட்டால் முப்பது வருடத்துக்கு யாரும் மாற்றமாட்டார்கள்.

அவள் ரோமானியப் பெண் இல்லை, எட்ருஸ்கப் பெண். நம் மண்ணில் ரோமர்களுக்கு முன்னால் இருந்தவர்களின் கை செய்தது. அதற்குச் சாட்சி அந்த வலக்கைதான். அதில் ஒரு வரி எழுத்து வலமிருந்து இடமாக ஓடுகிறது. ரோமர்கள் அப்படி எழுதமாட்டார்கள். கை உங்களிடம் இருப்பதாக அம்மா ஒருமுறை சொன்னாள். பெயர் போடாமல் ஒரு பொட்டலமாக அனுப்பினால் போதும். யாரும் எதுவும் கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயமும் கேட்க இருக்கிறது. அதை இப்போது எழுதவில்லை.

வணக்கத்துடன்,
மரீசா


காஸ்தெல்ரோவோ
27 மார்ச் 1974

ஒத்தாவியோ மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல ஆர்ஜியா எழுதுவது. அவர் வாயில் வந்ததை வந்தபடியே எழுதுகிறேன். உனக்காகத் திருத்துவதாக இல்லை.

“முழங்கால் அப்படியேதான் இருக்கு. ஜெயில் தரையில பதினாலு மாசம் படுத்தா எவனுக்கும் அப்படித்தான் இருக்கும். நீ விசாரிச்சதுல ஒண்ணும் குறைஞ்சிடல. ஒங்க அம்மா சுகமா இருக்காளா? இருப்பா. காட்டிக்கொடுத்தவன் குடும்பம் எப்பவும் சுகமாத்தான் இருக்கும்.

“படிச்சவ நீ. ஆனா ஒனக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்றேன், கேட்டுக்க. ரெண்டு பேர் சேர்ந்து சர்க்காருக்குத் தெரியாம தோண்டி நல்ல உருப்படி ஒண்ணு கிடைச்சா, அங்கயே ஒரு துண்டை ஒடைச்சு ஆளுக்கு ஒண்ணா வச்சுக்குவோம். அப்பத்தான் ஒருத்தனை விட்டு ஒருத்தன் விக்க முடியாது. அண்ணன் தம்பின்னாலும் அதான் முறை. உடம்பு எங்கிட்ட, கை ஒங்கப்பன்கிட்ட. பத்தே நாள். போலீஸ்காரன் நேரா என் வீட்டுக்கு வந்து, திராட்சைத் தொட்டிக்குப் பின்னாடி கைய விட்டு எடுத்தான், அவனே வச்ச மாதிரி. அப்புறம் ஒங்க வீட்டுல போய்த் தேடினானாம், ஒண்ணும் கிடைக்கலையாம். நல்லாருக்குல்ல கதை?

“நான் வெளிய வந்த அன்னிக்கு ஒங்கப்பன் வந்தான். வாயத் தொறக்கல. கைய என் மேசைமேல வச்சிட்டுப் போயிட்டான். குத்தமில்லாதவன் அப்படிச் செய்வானா? நீயே சொல்லு, பட்டம் வாங்கினவளே.

“கை இங்கதான் இருக்கு. கதவு ஆடாம இருக்க முட்டுக் குடுத்திருக்கேன். அங்கயே இருக்கட்டும்.”

அவ்வளவுதான் சொன்னார். கீழே கோணலாக இருப்பது அவர் கையெழுத்து. தன் பெயரைத் தவிர வேறெதுவும் அவருக்கு எழுதத் தெரியாது என்பது உனக்கு நினைவிருக்கும்.

நசரேனோ கல்லோரினி


ஃப்ளோரன்ஸ்
8 ஏப்ரல் 1974

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஈஸ்டர் நெருங்குகிறது. உங்கள் எல்லோருக்கும் நல்லபடியாகக் கழியட்டும். கடிதம் வந்தது. திட்டுவதற்காகவாவது பதில் போட்டீர்களே, நன்றி.

அப்பாவைப் பற்றி எழுதியதற்கு நான் இப்போது பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உடம்பின் பாரத்தை ஒரு காலில் போட்டு, மற்ற முழங்காலைத் தளர விட்டு நிற்கிறாள். அது கிரேக்கர்களிடம் கற்றது. அந்த அட்டையை முடிவு செய்த எங்கள் பேராசிரியர் சொல்வதில் அது மட்டும் சரி. ஆனால் இடுப்புக்குக் கீழே அவள் உடம்பு தேவைக்கு மேல் நீண்டு போகிறது. காதில் திராட்சைக் கொத்துப் போல் தோடு, கழுத்தில் முறுக்கிய வளையம். முன்பக்கம் துணி மடிப்புகளை அவ்வளவு பொறுமையாக இழைத்த கை, முதுகுக்கு வந்ததும் அலுத்துப்போய் மூன்று கோடு இழுத்துவிட்டு நிறுத்தியிருக்கிறது. கிரேக்கனைப் பார்த்துப் படித்தவன்தான். ஆனால் தன் ஊர்ப் பெண்ணைத்தான் செய்திருக்கிறான்.

இதைச் சொன்னால் பேராசிரியர் சிரிக்கிறார். “கிரேக்கன் கத்துக்கொடுத்தான், ரோமன் காசு கொடுத்தான். நடுவுல இருந்தவன் மூட்டை தூக்கினான், அவ்வளவுதாம்மா” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு அங்கே வாய் திறக்க வரவில்லை. எழுத்து இருந்தால் வாய் தேவைப்படாது.

ரோமர்கள் இந்தப் பக்கத்து நகரம் ஒன்றை வென்றபோது இரண்டாயிரம் வெண்கலச் சிலைகளை அள்ளிப்போனதாக அவர்களில் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் கையில் அகப்படாமல் நம் மண்ணுக்குள் கிடந்தவள் இவள். இவளையும் அவர்கள் கணக்கில் சேர்க்கப் பார்க்கிறார்கள்.

கையை அனுப்ப மனமில்லை என்றால் வேண்டாம். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தத் தாளை மட்டும் ஆர்ஜியா அனுப்பட்டும். எழுத்து தானாகப் பதியும்.

முழங்காலுக்குச் சூடான எண்ணெய் தடவுங்கள்.

மரீசா


காஸ்தெல்ரோவோ
29 ஏப்ரல் 1974

ஒத்தாவியோ மகளுக்கு,

மறுபடியும் நான்தான், ஆர்ஜியா. நீ சொன்னபடி ஒரு மதியம் முழுக்கத் தாளை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். விரல்தான் கரியானது. இனி அப்பா சொல்வது.

“ரெண்டாயிரம் சிலைய அள்ளிட்டுப் போனானா ரோமாபுரிக்காரன்? அவனை எந்த ஜெயில்ல போட்டாங்க? நான் ஒண்ணே ஒண்ணு எடுத்தேன், அதுவும் எங்க திராட்சைத் தோட்டத்துல. ஒன் பேராசிரியர்கிட்ட இதைக் கேளு. வாய் வராதுன்னா எழுதிக் காட்டு.

“எழுத்து எழுத்துன்னு சொல்றியே, எந்த எழுத்து? கையில ஒரு எழுத்தும் இல்ல. மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் அரத்தால ராவிவிட்ட தடம்தான் இருக்கு. மத்த இடமெல்லாம் பச்சை, அங்க மட்டும் பளபளன்னு சொரண்டிக் கெடக்கு. ஒங்கப்பன் எங்கிட்ட குடுக்கறப்பவே அப்படித்தான். அதையும் கெடுத்துத்தான் குடுத்திருக்கான்.

“இன்னொண்ணு. நகராட்சியிலேர்ந்து ஒரு காகிதம் வந்துச்சு. மண்ணுல புதைச்ச ஒங்கப்பனுக்குப் பத்து வருசம் முடியுதாம். நவம்பர்ல தோண்டி எலும்பை எடுப்பாங்களாம். குடும்பக் கல்லறையில வைக்கறீங்களா, இல்ல பொதுக் குழியில கொட்டவான்னு எங்கிட்ட கேட்டிருந்தான். அப்படி ஒரு ஆள் இந்த வீட்டுல இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டேன். ஒனக்குத் தெரியட்டும்னு சொல்றேன்.”

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நசரேனோ கல்லோரினி


ஃப்ளோரன்ஸ்
6 மே 1974

பெரியப்பாவுக்கு,

நலம் என்று அறிந்தேன். நானும் அப்படியே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ராவிய தடம் நேராக, ஒரே சீராக இருக்கிறதா, இல்லை அங்கங்கே அவசரமாக இழுத்ததா? அரம் பெரிய பல்லா, நுண்ணிய பல்லா? ஆர்ஜியா பார்த்துச் சொன்னால் போதும்.

நகராட்சிக் காகிதம் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

மரீசா


காஸ்தெல்ரோவோ
15 மே 1974

ஒத்தாவியோ மகளுக்கு,

அப்பா இதைச் சொல்லும்போது எழுந்து நின்றுகொண்டார். முழங்கால் வலியோடு அவர் அப்படி நிற்பதில்லை.

“தடம் சீராத்தான் இருக்கு. நுண்ணிய பல்லு. ஒங்கப்பன் கவாத்து வாளுக்குக் கூர் போடற அரம்தான். போதுமா? இப்ப நான் கேக்கறேன், நீ சொல்லு.

“அந்தக் கைய ஒடைக்கறப்ப அது மேல ஒரு விரல் தடிப்புக்கு மண்ணும் பாசியும் ஒட்டியிருந்துச்சு. எழுத்து இருந்தா எனக்கே தெரியாது. அன்னிக்கே கந்தல்ல சுத்தி ஒங்கப்பன் கொண்டுபோயிட்டான். எனக்குத் திரும்பி வந்தப்ப ராவி முடிச்சிருந்துச்சு. அப்போ அதுல எழுத்து இருந்துச்சுன்னு ஒனக்கு யார் சொன்னது? வலப்பக்கத்துலேர்ந்து இடப்பக்கம் ஓடுதுன்னு கூட எழுதறியே, நேர்ல பாத்தவ மாதிரி.

“ஒன்பது வயசுல ஒனக்கு என்னடி தெரியும்? ஒரு வாரத்துல பதில் வரணும்.”

நசரேனோ கல்லோரினி


காஸ்தெல்ரோவோ
20 ஜூலை 1974

மரீசாவுக்கு,

இதை யாரும் சொல்லி நான் எழுதவில்லை. ஆர்ஜியா என் சார்பில் எழுதுவது. நீ சுகமா என்று வழக்கப்படி கேட்டுவைக்கிறேன்.

ஒரு வாரம் கேட்டோம், ஒன்பது வாரம் ஆகிவிட்டது. அப்பா தினமும் கடை வாசலில் நின்று தபால்காரரைக் கேட்கிறார். ஊரே வேடிக்கை பார்க்கிறது. “நசரேனோவுக்குக் காதலி வந்துட்டாடா” என்று பாரில் சீட்டாடுகிறவர்கள் சிரிக்கிறார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அம்மாதான் போலீஸிடம் சொல்லியிருப்பாள் என்பது என் ஊகம். உன் அப்பா அவளைக் காப்பாற்றப் பேசாமல் இருந்திருப்பார். அதை எழுத உனக்குக் கை வரவில்லை.

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் உனக்கு ஒரு வருடம் முன்னால் இருந்தவள் நான். கணக்கில் நான்தான் முதல். அப்பாவை ஜெயிலுக்குக் கொண்டுபோன மறுவாரம் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, கடையில் பெட்டி அடுக்க விட்டார்கள். பதிமூன்று வருடமாக அதே கடை. உன் கடிதங்களை நான்தான் உரக்கப் படிக்கிறேன். ‘பட்டம் வாங்கினேன்’ என்று நீ எழுதிய வரியை அப்பா இரண்டு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

நவம்பர் மூன்றாம் தேதி, இறந்தோர் திருநாளுக்கு மறுநாள், வெட்டியான் மண்வெட்டி எடுப்பான். உன் பிடிவாதம் அதுவரைக்கும்தான் தாங்கும்.

ஆர்ஜியா


ஃப்ளோரன்ஸ்
2 ஆகஸ்ட் 1974

ஆர்ஜியாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். அம்மாவை இதில் இழுக்காதே. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு முறை அவளைப் பற்றி அப்படி எழுதினால் நான் உன் கடிதத்தைப் பிரிக்கமாட்டேன்.

பதில் எழுதாமல் இருந்தது பிடிவாதத்தால் இல்லை. ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு பழைய நோட்டு வரவேண்டும். அது கையில் இல்லாமல் நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அப்பாவுக்குப் பரிந்து பேசுவதாகச் சொல்வீர்கள். விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஆகஸ்ட் விடுமுறையில் எந்த அலுவலகத்திலும் ஆள் கிடையாது.

கணக்கில் நீ முதல் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

மரீசா


காஸ்தெல்ரோவோ
22 செப்டம்பர் 1974

மரீசாவுக்கு,

பெயர் போட்டு எழுதச் சொன்னது அப்பாதான்.

“எனக்கு உடம்பு சரியில்ல. ஜுரம் இல்ல, வேற என்னமோ. சாப்பாடு இறங்கல. ஒங்கப்பன் ஏன் ராவினான்னு யோசிக்கறேன். விக்கறவன் எழுத்தை அழிக்கமாட்டான், எழுத்து இருந்தா வெலை கூடும். எழுத்தை அழிச்சா அந்த உருப்படியே ஊமையாயிடும். முப்பது வருசம் தோண்டினவன் அந்தத் தப்பைச் செய்யமாட்டான். யாருக்கோ பயந்துதான் செஞ்சிருக்கான். யாருக்கு?

“ஆலிவ் பறிக்கறதுக்குள்ள பதில் வரலைன்னா கைய ஆத்துல வீசிடுவேன். அப்புறம் நீயும் ஒன் பேராசிரியரும் மீன்கிட்ட கேட்டுக்குங்க.”

நசரேனோ கல்லோரினி


ஃப்ளோரன்ஸ்
14 அக்டோபர் 1974

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ரொட்டியைக் கொண்டைக்கடலைச் சாற்றில் ஊறவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். அப்பாவுக்கும் அப்படி வந்தபோது அது ஒன்றுதான் இறங்கியது.

ஆர்ஜியா, நீ இதை உரக்கப் படித்துக்கொண்டிருப்பாய். எந்த வரியையும் விடாதே. உன் பெயர் வரும் இடத்திலும் நிறுத்தாதே.

நோட்டு போன வாரம் வந்தது. வழக்குக் கட்டின் அடியில் பதிமூன்று வருடம் கிடந்திருக்கிறது. நீல அட்டை. மேலே ‘மரீசா கல்லோரினி, நான்காம் வகுப்பு’ என்று என் கையெழுத்து.

அப்பா கையைக் கொண்டுவந்த மூன்றாம் நாள் வெந்நீரிலும் சாம்பலிலும் ஊறவைத்து மண்ணைக் கழுவினார். எழுத்து தெரிந்தது. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்தி. என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா என்னைக் கேட்டார். எனக்குப் படிக்க வரவில்லை. அது எனக்கு அவமானமாக இருந்தது. அவர் வயலுக்குப் போன பிறகு கையை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நோட்டில் வரைந்தேன். மறுநாள் பள்ளியில் டீச்சர் அதைப் பார்த்தார். எழுத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறேன் என்று முதலில் விரலில் அடித்தார். பிறகு உற்றுப் பார்த்தார்.

“இதை எங்க பாத்து எழுதின?”

“எங்க வீட்டுல ஒரு கை இருக்கு டீச்சர்.”

“கை மட்டுமா?”

“மீதி பெரியப்பா வீட்டுல, திராட்சைத் தொட்டிக்குப் பின்னாடி.”

யாரும் என்னை மிரட்டவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்று டீச்சருக்குத் தெரியவில்லை என்ற பெருமையில் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு சிவப்புப் பென்சில் கொடுத்தார்.

அடுத்த வாரம் போலீஸ் உங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் அப்பா கையைத் தேனீப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அவர்கள் போன பிறகு என் பையிலிருந்த பென்சிலைப் பார்த்தார். “இது ஏது?” என்று கேட்டார். சொன்னேன். அவர் கத்தவில்லை. “யாருகிட்டயும் சொல்லாத. நீ பள்ளிக்கூடம் போ. நான் பாத்துக்கறேன்” என்றார்.

அதற்கப்புறம் மூன்று மதியம் கொட்டகையில் அரம் போடும் சத்தம் கேட்டது. கவாத்து வாளுக்குக் கூர் போடுகிறார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்தேன். உங்கள் ஏப்ரல் கடிதத்தைப் படித்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நோட்டில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றுதான் என்று யாரும் ஒத்துப் பார்க்க முடியாமல் செய்திருக்கிறார். நீங்கள் கேட்டீர்களே, யாருக்குப் பயந்து என்று. யாருக்கும் பயந்து இல்லை. எனக்காக.

நீங்கள் வெளியே வந்ததும் கையைக் கொண்டுவந்து வைத்தாரே, அதைத் தவிர உங்களுக்குத் தர அவரிடம் வேறெதுவும் இல்லை. வாய் திறந்திருந்தால் என் பெயர் வந்திருக்கும். அவர் பாருக்குள் நுழைந்தால் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். நீங்கள் அவர் காலடியில் துப்பினீர்கள். போலீஸ் வந்த நாளிலிருந்து மூன்று வருடம் அப்படிப் போனது. சவப்பெட்டி தூக்க உங்கள் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. எல்லாம் தெரியும். அப்போதும் நான் சொல்லவில்லை. அவர் சொல்லாதே என்றார் என்பது உண்மைதான். அதற்குப் பின்னால் நான் சௌகரியமாக இருந்துகொண்டேன் என்பதும் உண்மை. மார்ச் மாதம் உங்களுக்கு எழுதியபோதுகூட, கை மட்டும் வந்துவிட்டால் நோட்டைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காது என்றுதான் கணக்குப் போட்டேன்.

ஆர்ஜியா, உன் பள்ளிக்கூடத்தை நிறுத்தியது என் அப்பா இல்லை. நான்தான். நீ எனக்கு எழுதிய எதையும் திரும்பப் பெற வேண்டாம். ஒரு பெயரை மட்டும் மாற்றிக்கொள்.

நோட்டைப் பேராசிரியரின் மேசையில் விரித்து வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். அதில் இரண்டே சொல்: ‘வேலியா’ என்று ஒரு பெயர், ‘கொடுத்தாள்’ என்று ஒரு வினை. அந்த மொழியில் அன்று ஒன்றும் தெரியாத ஒரு குழந்தை இப்படிப் பொய் எழுத முடியாது என்று அவரே சொன்னார். “யாரும்மா இந்தக் குழந்தை?” என்று கேட்டார். “நான்தான்” என்றேன். குரல் வந்தது. புதிய கூடத்தில் அவளை ரோமானியர் பகுதியிலிருந்து எடுத்து எட்ருஸ்கர் பகுதிக்கு மாற்றுகிறார்கள். அட்டையை நானே எழுதினேன்: ‘வலக்கையில் இருந்த எழுத்து, காஸ்தெல்ரோவோ பள்ளி மாணவி மரீசா கல்லோரினி 1961இல் தன் நோட்டில் எடுத்த நகலில் மட்டுமே எஞ்சியுள்ளது. இச்சிலை அரசின் கைக்கு வந்ததும் அந்த நோட்டின் மூலமே.’ டிசம்பரிலிருந்து ஊரில் யார் வந்தாலும் படிக்கலாம். பாரில் சீட்டாடுகிறவர்களுக்கும் சொல்லுங்கள்.

கையை இனி நான் கேட்கமாட்டேன். கதவுக்கு முட்டாக இருக்கட்டும், ஆற்றில் போகட்டும், உங்கள் இஷ்டம்.

மார்ச்சில் ஒன்று கேட்க இருக்கிறது என்று எழுதி நிறுத்தியிருந்தேன். நகராட்சிக் காகிதம் ஒன்று எனக்கும் வந்திருந்தது. அப்பாவின் எலும்புகளுக்கு இந்த ஊரிலும் ஒரு மாடம் வாங்கலாம். ஆனால் அங்கே அவர் தனியாக இருப்பார், பாரில் இருந்ததைப் போல. நம் குடும்பக் கல்லறையில் தாத்தாவின் இடத்துக்குக் கீழே ஒரு தட்டு காலியாக இருக்கிறது. கல்லறை உங்கள் பெயரில். நீங்கள் திறந்து பார்த்த பழங்கல்லறைகள் எத்தனையோ. அவற்றில் அண்ணனும் தம்பியும் ஒரே அறைக்குள் கிடந்ததை என்னைவிட நீங்கள் அதிகம் பார்த்திருப்பீர்கள். எலும்பு வைக்கும் துத்தநாகப் பெட்டி சிறியதுதான், உங்கள் கை அளவு நீளம்.

நகராட்சித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் நான் நிரப்பிவிட்டேன். கல்லறைக்கு உரியவரின் சம்மதம் கேட்கும் கடைசி வரி மட்டும் காலியாக இருக்கிறது. மூன்றாம் தேதிக்குள் அதில் உங்களுக்கு எழுதத் தெரிந்த அந்த ஒரு பெயரை எழுதுங்கள், பெரியப்பா.

மரீசா